கொறங்காட்டு வேலியும் நீலநாக்கு வைரஸும்

திருப்பூரிலிருந்து காங்கேயத்துக்குச் செல்லும் சாலையில் உள்ள நல்லூர், 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் ஆகும். பின்னலாடைத் தொழிலின் கிழக்கு ஓரத்தில் நிற்கும் இவ்வூரைக் கடந்து செல்லச் செல்ல, பனியன் கம்பெனிகளும் பிரிண்டிங் பட்டறைகளும் குறைந்து, முள்கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள் சாலையின் இருபுறமும் தலைகாட்டத் தொடங்குகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடு என்று வழங்கும் இந்நிலங்கள் 2009ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு இதனுடன் சேர்ந்தவை. நூலும் சாயமும் ஏற்றுமதியும் பற்றிய வரலாறு இம்மாவட்டத்துக்குப் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே மாவட்டத்தின் மறுபாதியான ஆட்டுப்பட்டிகளின் வரலாறோ, காங்கேயம் காளையின் புகழுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அந்தப் பட்டிகளை மழைக்காலந்தோறும் அச்சுறுத்தும் நீலநாக்கு நோயின் வரலாறு அதைவிடவும் மறைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸின் மரபணுக்களில், கடல் கடந்து வந்த கால்நடைகளும் தடுப்பூசிகளும் விட்டுச்சென்ற தடங்கள் பதிந்திருப்பது கடந்த சில பத்தாண்டு ஆய்வுகளால் தெரியவந்திருப்பதால், அவ்வரலாற்றை இப்போது ஓரளவு முறையாக எழுத முடிகிறது.

கொறங்காடு என்பது தரிசு நிலம் அன்று. மழை குறைந்த, சரளையும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில், ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தைச் சில ஏக்கர் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முள்கிளுவையால் உயிர்வேலியிட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிறுத்தி, கால்நடைகளை ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி மேயவிடும் தேர்ந்த ஏற்பாடு அது. மரத்தின் நிழல் ஆட்டுக்கும், அதன் காய் தீவனத்துக்கும், வேலியின் கழி அடுத்த வேலிக்கும் பயன்பட்டன. 1887இல் எஃப்.ஏ. நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தபோது இப்பகுதியின் வேளாண்மையையும் கால்நடைச் செல்வத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தை நாடறியச் செய்ததும் இத்தகைய மேய்ச்சல் நிலங்களின் பலத்தில்தான். காளைகள் பெயர் பெற்றன என்றாலும், மழை பொய்த்த ஆண்டுகளில் சிறுகுடியானவரின் கையில் பணமாக நின்றவை செம்மறிகளே. கொம்பில்லாத, பழுப்பு நிறமும் கம்பளிக்குப் பதிலாகக் குறுமயிரும் கொண்ட மேச்சேரி ஆடு இறைச்சிக்கும், தோல் தொழிலில் மிக உயர்வாக மதிக்கப்படும் தோலுக்கும் பெயர்பெற்றது. மேற்கே கோவைப் பக்கத்தில் குறும்பை என்று அழைக்கப்படும் கோயம்புத்தூர் இன ஆடு முரட்டுக் கம்பளி தருவதாக இருந்தது. ஒரே வேலிக்குள் மாடும் செம்மறியும் சேர்ந்து மேய்வது கொறங்காட்டின் இயல்பு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நோயின் போக்கை விளக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

நீலநாக்கு நோய் வடகிழக்குப் பருவமழையோடு வருவது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நிலம் ஈரம் பிடித்து, சாணம் கலந்த சேற்றில் பூச்சிகள் பெருகிய சில வாரங்களில், செம்மறிகளுக்குக் கடுங்காய்ச்சல் காண்கிறது; மூக்கில் சளி வடிகிறது; உதடும் முகமும் வீங்குகின்றன; வாயின் உட்புறத்தில் புண்கள் தோன்றி ஆடு தீனி எடுக்க முடியாமல் போகிறது. குளம்பின் மேல்விளிம்பு அழற்சியால் சிவந்து ஆடு நொண்டுகிறது. சிலவற்றின் கழுத்து ஒருபக்கமாகத் திரும்பிவிடுகிறது. நாக்கு இரத்த ஓட்டம் கெட்டு நீலநிறம் அடைவது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சில ஆடுகளில் மட்டுமே காணப்படும். பிழைத்தெழும் ஆடும் எடை இழந்து, பல மாதங்களுக்கு விலைபோகாமல் நிற்பதால், இறப்புக் கணக்கைவிடப் பெரிய நட்டம் கணக்கில் ஏறாமல் போகிறது. மாடுகளிலும் வெள்ளாடுகளிலும் இதே வைரஸ் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இரத்தத்தில் பல நாட்கள் தங்கியிருக்கும். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு இதைக் கொண்டுசெல்வது கியூலிகாய்டிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, கொசுவைவிடப் பலமடங்கு சிறிய, இரத்தம் உறிஞ்சும் கடிப்பூச்சி. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள அதைப் பட்டியில் நிற்பவர் கண்டறிவது அரிது.

இந்நோய் முதலில் எழுத்தில் பதிவானது தென்னாப்பிரிக்காவில். அங்கே குடியேறிய ஐரோப்பியர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மெரினோ போன்ற மென்கம்பளி ஆடுகளை வளர்க்கத் தொடங்கியபோது, உள்ளூர் விலங்குகளில் ஓசையின்றி வாழ்ந்திருந்த ஒரு கிருமி வந்தேறி ஆடுகளைக் கொத்துக்கொத்தாக வீழ்த்தியது. 1906இல் ஆர்னால்டு தெய்லர், பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் கடந்து செல்லும் மிக நுண்ணிய பொருளே இதற்குக் காரணம் என்று காட்டினார். வீரியம் குறைந்ததாகக் கருதப்பட்ட ஒரு வைரஸை ஆடுகளிலேயே தொடர்ந்து செலுத்தி அவர் உருவாக்கிய உயிருள்ள தடுப்பூசி, நாற்பது ஆண்டுகள் அந்நாட்டில் பயன்பட்டது. 1944இல் டு டோயிட் கியூலிகாய்டிஸ் பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று நிறுவினார். 1948இல் நைட்ஸ், ஒரு வகை வைரஸிலிருந்து பிழைத்த ஆடு மற்றொரு வகையால் மீண்டும் நோயுறுவதைக் காட்டினார். தடுப்பூசி போட்ட மந்தையிலும் நோய் ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்னும் நெடுநாள் புதிர் அதனால் விடுபட்டது. எதிர்ப்பாற்றல் வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கப்படும் இவ்வகைகள் சீரவகைகள் எனப்படுகின்றன. 24 வகைகள் வெகுகாலம் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன, அண்மையில் சுவிட்சர்லாந்திலும் குவைத்திலும் பிற இடங்களிலும் புதியவை கண்டறியப்பட்டுப் பட்டியல் நீண்டுள்ளது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே சைப்ரஸ் தீவிலும், அமெரிக்காவின் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் நோய் தென்பட்டபின், 1956இல் போர்ச்சுகலையும் ஸ்பெயினையும் தாக்கி ஒன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றபோது, உலகம் இதை ஒரு கண்டத்தின் நோயாகக் கருதுவதை விட்டது.

இந்தியாவில் நீலநாக்கு முதன்முதலாக 1964இல் மகாராட்டிரத்தில் செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் அறிவிக்கப்பட்டது. வைரஸைப் பிரித்தெடுக்க மேலும் இருபதாண்டுகள் சென்றன. அரியானாவின் ஹிசாரில் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1986இல் வெளியாயிற்று. இக்காலத்தில்தான் நாட்டின் கால்நடைக் கொள்கை மென்கம்பளிக் கனவில் ஆழ்ந்திருந்தது. 1962இல் இராசத்தானில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. மெரினோ, ராம்புயே, காரிடேல் ஆகிய அயல் இனங்கள் கப்பலேறி வந்தன. ஹிசாரில் ஆஸ்திரேலிய உதவியோடு காரிடேல் ஆடுகளுக்கெனப் பெரும்பண்ணை எழுந்தது. தொடக்ககால நோய்ப்பதிவுகளில் பல இத்தகைய அயல் ஆடுகளையும் அவற்றின் கலப்பினங்களையும் ஒட்டியவை என்பதால், அயல் ஆடுகளே நோயைக் கொண்டுவந்தன என்னும் எண்ணம் கால்நடைத் துறையினரிடையே வேரூன்றியது.

அக்கனவுக்குக் கொங்கு நாட்டில் இன்னும் பழைய ஒரு முன்கதை உண்டு. 1868இல் தனி மாவட்டம் ஆகும்வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மலையின் குளிரில் தம் நாட்டைக் கண்ட ஆங்கிலேயர், டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய ஆடுகளைக் கொண்டுவந்து, சமவெளியின் கோயம்புத்தூர் இன ஆடுகளோடு கலக்கவிட்டனர். எந்த விகிதத்தில் என்பது பதிவாகாத அந்தக் கலப்பிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி இனம் உருவானது. பின்னர் உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆடு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தில், நீலகிரி ஆட்டோடு மெரினோவையும் ராம்புயேவையும் சேர்த்து சாண்டினோ என்னும் இனமும் உருவாக்கப்பட்டது. நொய்யல் கரையின் குறும்பை ஆட்டுக் குருதி மலையேறி அயல்குருதியோடு கலந்த இவ்வரலாறு, ஆட்டின் இனக்கலப்பு மட்டுமே நடந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. ஆடுகள் பயணம் செய்தபோது அவற்றின் இரத்தத்தில் என்னென்ன பயணம் செய்தன என்பதை அக்காலத்தவர் அறிந்திருக்க வழியில்லை; வைரஸ் என்னும் கருத்தே அப்போது பிறக்கவில்லை.

1980களிலிருந்து நோயின் முகம் மாறியது. வடக்கே அயல் ஆடுகளோடு பேசப்பட்ட நீலநாக்கு, ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் நாட்டு இனங்களையே தாக்கத் தொடங்கி, தென்னிந்தியாவை நாட்டின் மிகக் கடுமையான நோய்ப்பகுதியாக ஆக்கியது. 1997-98 பருவத்தில் தமிழகத்தில் பரவிய கொள்ளைநோய் இத்தகைய பரவல்களுள் பெரியது. 2005இன் பெருமழையை அடுத்தும் நோய் பரவியது. 2006இல் பூச்சியியலாளர் இளங்கோ கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், நோயைப் பரப்பும் கடிப்பூச்சிகளைப் பற்றி இந்தியாவில் போதிய ஆய்வு இல்லாததைச் சுட்டி, அத்துறையை உடனே வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நோயைக் கண்டறிவதும் எளிதாக இருக்கவில்லை. வாய்ப்புண்ணும் நொண்டலும் கோமாரியிலும் உண்டு. சளியும் காய்ச்சலும் ஆட்டுக்கொல்லி நோயிலும் உண்டு. அந்த ஆட்டுக்கொல்லி நோயே இந்தியாவில் முதன்முதலாக 1987இல் விழுப்புரம் அருகே அரசூரில்தான் அடையாளம் காணப்பட்டது என்றால், அதற்கு முந்திய தலைமுறைகளில் பட்டியில் விழுந்த ஆடுகளுள் எது எந்நோயால் இறந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல இயலாது. கொறங்காட்டுக் குடியானவரின் நினைவில் அவை அனைத்தும் மழைக்காலச் சாவுகள்.

நாட்டு ஆடுகள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கிருமிக்கு இவ்வளவு எளிதில் இரையாகக் கூடாது. அப்படியிருந்தும் அவை வீழ்ந்ததற்கு, மந்தைப் பெருக்கம், மழையின் போக்கு எனப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், வைரஸே மாறியிருக்கக்கூடும் என்னும் ஐயம் வலுவானது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, வைரஸின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் இருக்கிறது. டெங்கு, சிக்குன்குனியா, நீலநாக்கு போன்றவற்றில் அது ஆர்.என்.ஏ. என்னும் மற்றொரு மூலக்கூறில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி தான் செய்யும் எழுத்துப்பிழைகளைத் திருத்துவதில்லை. ஆகவே இவ்வைரஸ்கள் ஒவ்வொரு பெருக்கத்திலும் சிறுசிறு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. இது மெல்ல நிகழும் மாற்றம். ஒரே உயிரணுவுக்குள் உறவுடைய இரண்டு வைரஸ்கள் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டால் நிகழ்வது பாய்ச்சல். படியெடுக்கும் நொதி ஒரு வைரஸின் இழையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நழுவி மற்றதன் இழைக்குத் தாவி, தொடர்ந்து எழுதினால், முற்பாதி ஒன்றிலிருந்தும் பிற்பாதி மற்றொன்றிலிருந்தும் வந்த புதிய மரபிழை பிறக்கிறது. இது மரபணு மறுசேர்க்கை எனப்படும். நீலநாக்கு வைரஸின் மரபுச் செய்தியோ ஒரே இழையாக இல்லாமல், மொத்தம் ஏறத்தாழ 19,200 எழுத்திணைகள் கொண்ட பத்துத் தனித்தனி ஈரிழைத் துண்டுகளாக உள்ளது. இரண்டு வைரஸ்கள் ஒரே அணுவில் பெருகும்போது, இதிலிருந்து சில, அதிலிருந்து சில எனத் துண்டுகள் முழுமையாகவே இடம் மாறி ஒரே உறைக்குள் அடைபடலாம். இதனைத் துண்டுப் பரிமாற்றம் என்று கூறலாம். இரு பெற்றோரும் பத்துத் துண்டுகளும் எனக் கொண்டால் 1,024 சேர்க்கைகள் இயலும். அவற்றில் இரண்டு மட்டுமே பெற்றோரை ஒத்தவை.

நல்லூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில் இதற்கு ஓர் ஒப்புமை கிடைக்கும். வெவ்வேறு லாட்டில் சாயமேற்றிய துணியிலிருந்து வெட்டிய கையும் உடலும் கழுத்துப்பட்டியும் ஒரே சட்டையில் தைக்கப்பட்டுவிட்டால், தனித்தனியே பார்த்தபோது தெரியாத நிற வேறுபாடு தைத்தபின் பளிச்சென்று தெரிந்து, எந்தத் துண்டு எந்த லாட்டைச் சேர்ந்தது என்று செக்கிங் செய்பவர் சொல்லிவிடுவார். மரபணு ஆய்வாளர் செய்வதும் அதுவே. வைரஸின் ஒவ்வொரு துண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்து, உலகெங்கும் சேகரிக்கப்பட்ட வைரஸ்களின் அதே துண்டோடு ஒப்பிட்டு, அதன் நெருங்கிய உறவு எந்நாட்டில் என்று பார்க்கின்றனர். பத்துத் துண்டுகளும் ஒரே உறவைக் காட்டினால் அது கலப்பற்றது. வெவ்வேறு திசைகளைக் காட்டினால் எங்கோ, எப்போதோ இரண்டு வைரஸ்கள் ஓர் உயிரணுவில் சந்தித்தன என்று பொருள்.

பூச்சிகள் பரப்பும் ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இத்தகைய சந்திப்பு நிகழ்ந்ததற்கான முதல் பெருஞ்சான்று 1988இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. குதிரைகளையும் மனிதரையும் தாக்கும் மேற்கத்திய குதிரை மூளையழற்சி வைரஸ், கிழக்கத்திய வகையை ஒத்த ஒரு மூதாதையும், எகிப்தில் முதலில் கண்டறியப்பட்ட சிண்ட்பிஸ் வைரஸை ஒத்த மற்றொன்றும் மறுசேர்ந்து பிறந்தது என்று ஹான், ஸ்ட்ராஸ் முதலியோர் நிறுவினர். 1999இல் ஒரே சீரவகைக்குள் டெங்கு வைரஸ்கள் மறுசேர்ந்திருப்பதை ஒரோபே, ராம்போ, ஹோம்ஸ் ஆகியோர் மரபிழை ஒப்பீட்டால் காட்டினர். தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மயர்ஸும் கேரியும், ஒரே நோயாளியின் உடலிலிருந்து சிக்குன்குனியாவையும் இரண்டாம் வகை டெங்குவையும் ஒருங்கே பிரித்தெடுத்ததை 1967இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வேலூரில் பரவிய டெங்குவில் நான்கு வகைகளும் மனிதரிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் கிடைத்தன. சிக்குன்குனியாவும் டெங்குவும் வெவ்வேறு குடும்பத்தவை என்பதால் அவை தமக்குள் மரபணு மாற்றிக்கொள்வதில்லை. ஆயினும் ஓர் உடல் இரண்டு வைரஸ்களுக்கு ஒரே நேரத்தில் இடங்கொடுக்கும் என்பதை, மறுசேர்க்கை பற்றிய பேச்சு பரவலாவதற்கு வெகுமுன்பே, ஒரு தமிழக ஆய்வகம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது பெருமைக்குரிய செய்தி. உறவுடைய டெங்கு வகைகள் ஒரே ஊரில், ஒரே பருவத்தில் நெருக்கியடித்து உலவும்போது என்ன நிகழக்கூடும் என்னும் கேள்விக்கு வேலூர் அன்றே களம் அமைத்தது.

நீலநாக்கைப் பொறுத்தவரை அந்தச் சந்திப்பு எங்கே நடக்கிறது என்பதை 1987இல் சிபா சாமல் முதலியோர் அமெரிக்காவில் சோதனை வழியாகக் கண்டனர். 10ஆம் வகையையும் 17ஆம் வகையையும் ஒன்றாகச் செலுத்தியபோது, ஆட்டின் உடலிலும் துண்டுப் பரிமாற்றம் நிகழ்ந்தது. கடிப்பூச்சியின் உடலில் அது மிக அதிகமாக நிகழ்ந்தது. வெவ்வேறு வைரஸைச் சுமந்த இரண்டு விலங்குகளை அடுத்தடுத்துக் கடித்த ஒரு பூச்சியே போதும். புதிய வைரஸ் பிறந்துவிடும். ஆட்டின் நோயை அறிய ஆட்டை மட்டும் பார்த்தால் போதாது, பூச்சியையும் அது கடிக்கும் மற்ற விலங்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இச்சோதனை உறுதிப்படுத்தியது. 2010இல் ஒரே துண்டுக்குள்ளும் மறுசேர்க்கை நிகழ்ந்ததற்கான சான்றுகள் வெளியானதால், துண்டுப் பரிமாற்றம், இழைத் தாவல் ஆகிய இரு வழிகளும் இவ்வைரஸுக்குத் திறந்தே உள்ளன எனலாம்.

இந்த அறிவோடு தென்னிந்திய வைரஸ்களைப் படித்தபோது கிடைத்த முடிவுகள், நோய் அயலிலிருந்து வந்ததா, இங்கேயே இருந்ததா என்னும் பழைய வழக்கை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றன. உலகின் நீலநாக்கு வைரஸ்கள், ஆப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் சார்ந்த மேற்குக் கிளை, ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் சார்ந்த கிழக்குக் கிளை என இரு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன. கண்டங்கள் தோறும் நெடுங்காலம் தனித்தனியே பெருகியதன் விளைவு இப்பிரிவு. கிழக்குக் கிளை ஆசியாவில் வேரூன்றியிருப்பதே, கம்பளிக் கப்பல்கள் வருமுன்பும் இங்கே இவ்வைரஸ் வாழ்ந்தது என்பதற்குச் சான்று. ஆனால் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகச் சேகரிப்பில் இருந்த, 1994ஆம் ஆண்டுக்குரிய தென்னிந்திய இரண்டாம் வகை வைரஸ் ஒன்றை நரேந்தர் மான், சுஷிலா மான், பீட்டர் மெர்ட்டன்ஸ் முதலியோர் முழுமையாகப் படித்து 2012இல் வெளியிட்டபோது, அதன் பத்துத் துண்டுகளும் ஒரே கதையைச் சொல்லவில்லை. ஆறாம் துண்டு இந்திய முதல் வகை வைரஸ் ஒன்றின் அதே துண்டோடு முற்றும் ஒத்திருந்தது. ஐந்தாம் துண்டு தென்னாப்பிரிக்க வைரஸோடும், ஒன்பதாம் துண்டு அமெரிக்க வைரஸோடும் நெருங்கிய உறவு காட்டின. மூன்று கண்டங்களின் துண்டுகள் ஒரே உறைக்குள் கூடியிருந்தன. அதே காலத்தில் படிக்கப்பட்ட 2004ஆம் ஆண்டின் இந்தியப் பத்தாம் வகை வைரஸ் ஒன்றோ, கலப்பைக்கூடக் காட்டாமல், அமெரிக்காவில் ஆடுகளுக்குப் போடப்படும் உயிருள்ள தடுப்பூசி வைரஸைப் பெரும்பாலும் அப்படியே ஒத்திருந்தது.

தடுப்பூசிக்குள் இருந்த வைரஸ் ஓர் இந்திய ஆட்டின் இரத்தத்துக்கு வந்த வழியை எந்த ஆவணமும் காட்டவில்லை. இறக்குமதியான ஆடுகளோடு வந்திருக்கலாம், முறையற்ற வகையில் தடுப்பூசியே கொண்டுவரப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். எவ்வழியானாலும், வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைப் பூச்சிகள் பறக்கும் பருவத்தில் மந்தைக்குள் விடுவது, கலப்புக்குப் புதிய துண்டுகளை வழங்குவதாகும் என்பதை ஐரோப்பாவும் தன் அனுபவத்தால் அறிந்தது. 2002இல் இத்தாலியில் கிடைத்த ஒரு வைரஸ், இரண்டு தடுப்பூசி வைரஸ்களின் துண்டுகள் சேர்ந்து பிறந்தது என்று பின்னர் நிறுவப்பட்டது. ஆட்டைக் காக்க உருவாக்கிய பொருளே நோயின் மூலப்பொருளாக மாறிய இச்செய்தி, கால்நடை மருத்துவ வரலாற்றில் மிகுந்த கவலையோடு படிக்க வேண்டிய பக்கம்.

கொறங்காட்டுக்குத் திரும்பினால், அதன் வேலி இவ்வரலாற்றில் வகித்த இடம் தெளிவாகிறது. நாடோடி மந்தைகளைப் போலன்றி, இங்குள்ள ஆடுகள் ஒரு குடும்பத்தின் வேலிக்குள்ளேயே பிறந்து மேய்ந்து வளர்கின்றன. அடுத்த குடும்பத்தின் ஆட்டோடு மேய்ச்சலில் கலப்பதில்லை. தொட்டால் பரவும் நோய்களுக்கு முள்கிளுவை ஓரளவு நல்ல காவல். காற்றில் மிதந்து செல்லும் கடிப்பூச்சிக்கு அது தடையே அன்று. மேலும், வேலிக்குள் பிரித்து வைக்கப்பட்டவை சந்தையில் கூடுகின்றன. மூலனூர் அருகே கன்னிவாடியில் கூடும் ஆட்டுச்சந்தை மாவட்ட எல்லை கடந்த வியாபாரிகளை ஈர்ப்பது. குண்டடம் சந்தையும் அத்தகையது. பல திசைகளிலிருந்து வந்த ஆடுகள் ஒரே நாளில் அடுத்தடுத்து நின்று, விலைபேசி முடிந்தபின் வேறு பல திசைகளுக்குப் பிரிந்து செல்லும் அந்தச் சில மணிநேரம், ஓர் ஆட்டின் இரத்தத்திலுள்ள வைரஸ் இதுவரை காணாத மற்றொன்றை எதிர்கொள்ள வாய்ப்பளிக்கிறது. திருப்பூர் வளர்ந்து, வெளியூர்த் தொழிலாளர் பெருகி, இறைச்சித் தேவை கூடக்கூட, சந்தைக்கு வரும் ஆடுகளின் ஊர்ப்பட்டியலும் நீண்டது. பனியன் தொழில் கொறங்காட்டு நிலங்களை விழுங்கியது பற்றிப் பலர் எழுதியுள்ளனர், அத்தொழில் ஆட்டின் நடமாட்டத்தை எவ்வாறு மாற்றியது என்பது இன்னும் எழுதப்படவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து அறுவடையான வயல்களில் உரத்துக்காகக் கிடை போடும் மந்தைகளையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். உழவருக்கு எருவும் இடையருக்குக் கூலியும் தந்த அந்த மிகப் பழைய வழக்கம், தொலைதூர மந்தைகளின் வைரஸ்களை மழைக்காலத்தை ஒட்டி ஒரே வயல்வெளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஆகும்.

2000களின் தொடக்கத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நீலநாக்குக்கென அனைத்திந்திய வலையமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. அதன் பயனாக, 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளையும் கொல்லப்பட்ட நிலையில் கொண்ட தடுப்பூசி உருவாகி நடைமுறைக்கு வந்தது. உயிரற்ற வைரஸ் பெருகுவதில்லை என்பதால் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் முடியாது. கலப்பு வரலாற்றை வைத்துப் பார்த்தால் சரியான வழி இதுவே. ஐப்பசி மழைக்கு முன்பே ஊசி போடப்பட்டால் அந்தந்த வகைக்கு எதிரான காப்பு ஆட்டின் உடலில் உருவாகிவிடுகிறது. ஆனால் அக்காப்பு பெரும்பாலும் வைரஸின் இரண்டாம் துண்டு உருவாக்கும் மேலுறைப் புரதத்தைச் சார்ந்தது. ஊசியில் இல்லாத வகையின் இரண்டாம் துண்டு, வீரியம் மிக்க மற்றொரு வைரஸின் எஞ்சிய ஒன்பது துண்டுகளோடு சேர்ந்துவிட்டால், ஊசி போட்ட ஆட்டின் எதிர்ப்பாற்றலுக்கு அது முன்பின் அறியாத கிருமி. அச்சேர்க்கை செம்மறியின் உடலில்தான் நிகழ வேண்டும் என்பதில்லை. ஊசி செம்மறிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. அதே வேலிக்குள், அதே வெள்வேல நிழலில், காய்ச்சலோ சளியோ இன்றி நிற்கும் காங்கேயம் மாட்டின் இரத்தத்தில் இரண்டு வைரஸ்கள் வாரக்கணக்கில் உடனுறைய முடியும், சாணச் சேற்றிலிருந்து எழும் பூச்சி அம்மாட்டையும் ஆட்டையும் மாறிமாறிக் கடிக்கவும் முடியும்.